திருப்பி வைத்த முட்டைகள்

பரீட்சையில் முட்டை வாங்கியவர்களை எந்தத் தெருவிலும் பார்க்கலாம். முட்டையிலேயே பரீட்சை எழுதித் தேறியவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். மகளோடு இருக்கலாம் என்று கடற்கரைக்கு வந்து சேர்ந்த ஒரே மாதத்தில் அந்தத் தெரு முழுக்க இவரை முட்டைக்காரர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. கூப்பிட்டால் நின்று, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "என்னப்பா?" என்று கேட்பார்.

கடலுக்கும் அவருக்கும் அதுவரை ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. மீசை முளைத்த நாளிலிருந்து அவர் பார்த்ததெல்லாம் கோழிக்குஞ்சு பொரிக்கும் ஒரு கம்பெனியின் உள்பக்கம்தான். ஜன்னல் இல்லாத பெரிய அறைகள். சுவர் உயரத்துக்கு இரும்பு அலமாரிகள், அதில் தட்டுத் தட்டாக முட்டைகள். உள்ளே போனால் ஈர வேட்டியை முகத்தில் போர்த்தினது மாதிரி ஒரு சூடு. இவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இயந்திரமெல்லாம் வரவில்லை, முட்டையைக் கையால்தான் திருப்ப வேண்டும். ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறி, மறு பக்கம் ஒரு வட்டம். காலையில் ஒரு தரம், மதியம் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். ஒற்றைப்படையாகத்தான் திருப்ப வேண்டும், அப்போதுதான் ஒரே பக்கம் தினமும் ராத்திரி முழுக்க மேலே இருக்காது. திருப்பாமல் விட்டால் உள்ளே இருக்கிற கரு ஓட்டோடு ஒட்டிக்கொண்டு செத்துப்போகும். இது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

திருப்பும் இயந்திரம் வந்த பிறகும் அவருக்கு அதன்மேல் நம்பிக்கை வரவில்லை. தட்டு சரிந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். மேலாளர் கிண்டல் செய்வார், "நீங்களே அடைகாத்துடுவீங்க போலிருக்கே." இவர் சிரிக்கமாட்டார். அவர் கை வைத்த தட்டில் கூமுட்டை விழுவது அபூர்வம் என்று அந்த மேலாளரே வெளியூர்க்காரர்களிடம் பீற்றிக்கொள்வதும் உண்டு.

பொரித்தது ஒரு பக்கம். அதற்கு அப்புறம் நடந்ததைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். முட்டைக்காக வளர்க்கிற ரகத்தில் சேவல் குஞ்சு யாருக்கும் வேண்டாம். பொரிந்த அன்றைக்கே பிரித்து எடுத்துச் சாக்கில் போடுவார்கள். சாக்கின் வாயைக் கட்டுகிற வேலையும் சில வருஷம் இவர் தலையில்தான் விழுந்தது. கடைசியில் ஒரு வருஷம் கோழிகளுக்குச் சீக்கு வந்தது. வெள்ளை உடுப்பு போட்டவர்கள் வந்து, கோழி, குஞ்சு, அலமாரியில் இருந்த முட்டை எதையும் விடாமல் குழியில் தள்ளி மூடினார்கள். கம்பெனிக்காரன் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான். அதே வருஷம் அவர் மனைவியும் போய்ச் சேர்ந்தார். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் மனைவிக்காகத்தான் இந்த மனுஷன் இப்படி ஊமையாகிவிட்டார் என்று நினைத்தார்கள். பாதி சரி. மீதிப் பாதி அந்தக் குழி.

மகள் வந்து பார்த்தாள். அடுப்பு பற்றவைத்து எத்தனை நாள் ஆனதோ, தெரியவில்லை. ஒரு வார்த்தை கேட்காமல் அவர் துணிகளை ஒரு பையில் போட்டுக்கட்டி, கையோடு கூட்டி வந்துவிட்டாள்.

மகளுக்குக் கடற்கரையில் வேலை. ஆமைகள் கரையேறி முட்டையிடுகிற காலத்தில் அந்த இடங்களைக் கண்டுபிடித்து, நாய் நரி தொடாமல் வலை கட்டி, குஞ்சு பொரிந்து கடலுக்குப் போகும்வரை காவல் இருப்பது. இரண்டே அறை உள்ள வீடு. உப்புக்காற்றில் ஜன்னல் கம்பி துரு ஏறி, தொட்டால் கையில் செதில் செதிலாக வரும். மாப்பிள்ளை சரக்குக் கப்பலில். வருஷத்தில் பாதி நாள் அவர் குரல் மட்டும்தான் வீட்டில் இருக்கும். அந்த வீட்டின் முன்னறையில் ஒரு நாற்காலியைப் போட்டு அப்பாவை உட்கார வைத்தாள். அவர் உட்கார்ந்தார். எழுந்திரு என்று யாரும் சொல்லாததால் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அப்படி எத்தனை நாளைக்குத்தான் ஒரு ஆளைப் பார்த்துக்கொண்டிருப்பது? ஒருநாள் மேகம் மூடின சாயங்காலம், "அப்பா, வாங்க. சும்மா வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனாள். வலை கட்டின ஓர் இடத்தில் மணல் லேசாகக் குழிந்திருந்தது. அவர் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் குழியில் மணல் கொதிக்கிற மாதிரி அசைந்தது. ஒரு மூக்கு வந்தது. அப்புறம் ஒரு துடுப்பு. அப்புறம் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு, உள்ளங்கையில் பாதி அளவு கறுப்புக் குஞ்சுகள். மணலில் தட்டுத்தடுமாறி, விழுந்து புரண்டு, எல்லாம் ஒரே பக்கமாகத் தண்ணீரைப் பார்த்து ஓடின.  முட்டைக்காரர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்கே போகுதுங்க?"

"கடலுக்குப்பா."

"யாரு வாங்கிக்குவாங்க?"

மகளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் குரல் இறங்கிவிட்டது. "யாரும் வாங்க மாட்டாங்கப்பா. அதுங்க பாட்டுக்குப் போகும். ஆயிரத்துல ஒண்ணு பொழைச்சாலே பெரிசு. மீன் தின்னும், பறவை தின்னும்."

"தின்னட்டும். அது பாட்டுக்குப் போயி, அது பாட்டுக்குச் சாகட்டும். நம்ம கையால இல்லையே பாப்பா. நான் பொரிச்சு விட்டது ஒண்ணுகூட இப்படி நடந்து போயி நான் பார்த்ததில்லை."

அழுதார். மனைவியை எடுத்தபோது அழாத மனுஷன், ஆமைக்குஞ்சுக்கு அழுதார். மகளும் கூட உட்கார்ந்து அழுதாள். அந்த வழியாகப் போன டீக்கடைக்காரர் சைக்கிளை நிறுத்தி, வீட்டில் ஏதோ கெட்ட சேதி போலிருக்கிறது என்று நினைத்து, அவரும் சற்று நேரம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து ஆள் மாறிவிட்டார். விடிவதற்குள் எழுந்து மகளுக்கு முன்னால் கடற்கரையில் நிற்பார். டீக்கடையில் வாய் திறந்தார், சிரித்தார், ஆமையைப் பற்றிக் கேட்டவனையும் கேட்காதவனையும் பிடித்து வைத்துக்கொண்டு பேசினார். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அடுத்த வருஷம், முட்டை விழுவதிலிருந்து குஞ்சு தண்ணீரைத் தொடுகிறவரை, ஒரு கூட்டத்தையாவது தன் கண்காவலில் வைத்துக் கரை சேர்க்க வேண்டும். வாழ்நாளில் ஒரே ஒரு தரம், தான் காத்தது உயிரோடு நடந்து போவதைப் பார்க்க வேண்டும். பேராசை என்று யாராவது சொல்வார்களா?

ஆனால் அடுத்த வருஷம் கடற்கரையே இல்லை. படகுத்துறைக்காக என்று கடலுக்குள் கல்லைக் கொட்டிக் கொட்டி நீளமாக ஒரு சுவர் கட்டினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் மணல் குவிந்தது. இந்தப் பக்கம் கடல் கரையை அரித்துத் தின்றுவிட்டது. மகள் வழக்கமாக வலை கட்டுகிற இடமெல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டது. சீசன் தொடங்கி, நடு சீசன் வந்து, முடியப் போகிறது. ஒரு ஆமைகூட ஏறவில்லை. அப்பாவும் மகளும் விடிகாலையில் போய் வெறும் மணலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார்கள். வீட்டில் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் காபி குடிப்பார்கள்.

கடைசியாக ஒன்று வந்தது. பொழுது புலர்ந்துகொண்டிருந்தபோது, நேரம் தப்பி வந்த ஆமை. கவிழ்த்துப் போட்ட ஒரு படகின் பின்னால் இரண்டு பேரும் குப்புறப் படுத்துக்கொண்டு பார்த்தார்கள். பெரிய உடம்பு. நாலு அடி வைக்கும், மூச்சு வாங்கும், மறுபடி நாலு அடி. இருந்த கொஞ்சம் மணலில் இங்கே முகர்ந்து, அங்கே முகர்ந்து, கடைசியில் ஓர் இடத்தில் பின்துடுப்பால் குழி தோண்டியது. ஒரு துடுப்பு மண்ணை அள்ளும், மற்றது தள்ளும். அவ்வளவு நேர்த்தி. அப்புறம் முட்டைகள். இரண்டு, மூன்றாக, வழவழவென்று குழிக்குள் விழுந்தன.

"பாப்பா, அது அழுவுது."

"அழலைப்பா. உடம்புல இருக்கிற உப்பை அப்படித்தான் கண்ணு வழியா வெளியேத்தும்."

"நீ படிச்சதைச் சொல்றே. பெத்தவளுக்குத் தெரியும்" என்றார் அவர், கிசுகிசுவென்று.

முட்டை போட்டு முடித்து, குழியை மூடி, உடம்பைத் தூக்கித் தூக்கி அடித்து மண்ணை இறுக்கிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் கடலுக்குள் போய்விட்டது. மகள் குச்சி நட்டு வலை கட்டினாள். இந்த வருஷம் இது ஒன்றுதான் என்று சொன்னாள். அவர் தலையாட்டினார். அந்த வலைக்குப் பக்கத்தில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தவர், சாப்பிடத்தான் வீட்டுக்கு வந்தார்.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். மகளின் மாமியார் தவறிவிட்டார் என்று சேதி வந்தது. மாப்பிள்ளை நடுக்கடலில், வர வழியில்லை. மருமகள்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்க வேண்டும். பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற அவசரத்திலும் மகள் அப்பாவிடம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். நாய் வரும், காக்கா வரும், ராத்திரி யாரும் விளக்கு அடிக்கக் கூடாது, வெயில் ஏறினால் மேலே கீற்றுப் போட வேண்டும், மண்ணின் சூடு இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது, இதோ தெர்மோமீட்டர். எல்லாம் சொன்னாள். மண்ணுக்குள் இருக்கிற முட்டையை எடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. அதை யாராவது எடுப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

அவள் போன இரண்டாம் நாள் கடல் பொங்கியது. பட்டப்பகலில், தெளிந்த வானத்தோடு, அலை ஏறி ஏறி வந்தது. முதலில் சாக்கை நனைத்தது. அடுத்தது வலையைத் தொட்டது. முட்டைக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "யாராவது வாங்கப்பா" என்று கத்தினார். டீக்கடைக்காரர் கடையைப் போட்டது போட்டபடி விட்டு, மீன் வைக்கிற தெர்மாகோல் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். இவர் முழங்காலில் உட்கார்ந்து கையாலேயே தோண்டினார். முதுகில் அலை அடிக்கிறது, இவர் ஒவ்வொரு முட்டையாக, பச்சைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கிப் பெட்டிக்குள் மணலில் வைக்கிறார். நூற்றுக்கும் மேல் இருந்தன. கடைசி முட்டையை எடுத்ததும் அந்தக் குழிக்குள் தண்ணீர் பாய்ந்து, மண் சரிந்து, குழி இருந்த அடையாளமே போய்விட்டது.

"அண்ணே, நீங்க மட்டும் இல்லைன்னா இன்னைக்கு அவ்வளவுதான்" என்றார் டீக்கடைக்காரர். அது உண்மை. அதை நானும் மறுக்கமாட்டேன்.

வீட்டுக்குக் கொண்டு வந்து, குளியலறைக் கதவைச் சாத்தி இருட்டாக்கி, ஒரு முட்டையை எடுத்து டார்ச் வெளிச்சத்தின்மேல் வைத்துப் பார்த்தார். கோழிமுட்டைக்கு அப்படித்தான் பார்ப்பார்கள். உள்ளே சிவப்பாக நூல் நூலாக ஓடியது. அடுத்ததிலும் ஓடியது. அதற்கடுத்ததிலும். உயிர் இருக்கிறது. ஈரத் தரையில் உட்கார்ந்துகொண்டு அவர் தனியாகச் சிரித்தார். சாயங்காலம் மகள் போன் செய்தாள், அழுதழுது தொண்டை கட்டியிருந்தது. "எல்லாம் சரியா இருக்காப்பா?" என்றாள். துக்க வீட்டில் இருக்கிற பெண்ணை எதற்குப் பதறவைக்க வேண்டும் என்று நினைத்து, "சரியா இருக்கு பாப்பா. நீ அங்கே ஆக வேண்டியதைப் பாரு" என்றார். முட்டையைப் பற்றி அவருக்கு யார் பாடம் எடுக்க வேண்டும்?

பெட்டியை முன்னறையில் வைத்தார். மணலின் சூட்டை தெர்மோமீட்டரில் பார்த்துக்கொண்டே இருந்தார். கோழிக்கு வேண்டிய சூடு இதற்கு ஆகாது என்று மகள் சொல்லியிருந்தாள், அதில் இம்மியும் தவறவில்லை. ஈரம் காயாமல் துணி போட்டார். அப்புறம் ஒரு பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பக்கம் பெருக்கல் குறியும் மறு பக்கம் வட்டமும் போட்டார்.

ஒளித்து வைத்துக் கதை சொல்ல எனக்கு வராது, அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். கடலாமை முட்டையைத் திருப்பக் கூடாது. இட்ட சில மணி நேரத்துக்குள் கரு ஓட்டின் மேல்பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அது அப்படி ஒட்டிக்கொண்டுதான் வளரும். அந்த நாட்களில் முட்டையைப் புரட்டினால் ஒட்டு விட்டுப்போய் உள்ளேயே செத்துவிடும். கோழிக்கு எது உயிரோ, அதுவே இதற்குச் சாவு. அவர் அலைக்கு நடுவில் எடுத்தாரே, அப்படியே மேல்பக்கம் மேலே இருக்கிற மாதிரி கொண்டுவந்து புதைத்து வைத்திருந்தால் கொஞ்சமாவது தப்பியிருக்கும். வேறு எவன் கையில் கிடைத்திருந்தாலும், தொடப் பயந்து சும்மா விட்டிருப்பான். இவர் கையில் கிடைத்ததுதான் அதுகளின் தலையெழுத்து.

காலையில் ஒரு தரம், மதியம் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். ஒரு வேளை தவறவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, விரல் நுனியால் ஒவ்வொன்றாகத் திருப்பினார். திருப்பும்போது வாய்க்குள் ஏதோ ஒரு பழைய பாட்டை முனகிக்கொண்டே இருந்தார்.

மகள் திரும்பி வந்தது ஒரு மதிய நேரம். வாசலில் செருப்பைக்கூட முழுசாகக் கழற்றவில்லை. கடற்கரையில் வலை இல்லாததைப் பார்த்துவிட்டு ஓடி வந்திருக்கிறாள். முன்னறையில் அப்பா பெட்டிமேல் குனிந்து பாட்டு முனகிக்கொண்டிருந்தார்.

"வா பாப்பா. பயந்துட்டியா? கடல் வந்துடுச்சு. ஒண்ணு விடாம எடுத்துட்டேன்" என்றார். முகம் அப்படி மலர்ந்திருந்தது. "எல்லாத்துலயும் ரத்த ஓட்டம் இருக்கு. நானே வெளிச்சம் போட்டுப் பார்த்தேன்."

அவள் கிட்டே வந்தாள். முட்டைகளின் மேலிருந்த பென்சில் குறிகளைப் பார்த்தாள். "இது என்னப்பா?"

"திருப்புறதுக்கு. நம்ம முறைதான். மூணு வேளையும் தவறாம திருப்பிட்டேன்."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவளும் அந்தக் கம்பெனிக் குவார்ட்டர்ஸில் வளர்ந்த பெண், அப்பா என்ன செய்திருப்பார் என்று முழுசாக விளங்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "சரிப்பா. போதும். இனிமே திருப்ப வேண்டாம். மண்ணுல வெச்சிடலாம்" என்றாள்.

"அதுக்குள்ளேயா?"

"ஆமாப்பா. ஆமைக்கு அப்படித்தான்."

"நீ சொன்னா சரி" என்று அவர் உடனே கையை எடுத்துக்கொண்டார். அவள் குளியலறைக்குள் போனாள். குழாயில் தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. மாமியார்மேல் இவளுக்கு இவ்வளவு பாசமா என்று அவர் ஆச்சரியப்பட்டார், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

டீக்கடைக்குப் பின்னால், கடல் எட்டாத மேட்டு மணலில் குழி தோண்டிப் புதைத்தார்கள். வலை கட்டினார்கள். அதற்கப்புறம் ஒரு மாதத்துக்கு மேல் முட்டைக்காரர் அங்கேயே கிடையாகக் கிடந்தார். மகள் வேலை முடிந்ததும் வந்து பக்கத்தில் உட்காருவாள். அவர் பேசுவார், அவள் ஊம் கொட்டுவாள். குஞ்சு வெளியே வரும்போது முதலில் வருவது எது, கடைசியில் வருவது எது, சோதாவாக இருக்கிற குஞ்சைக் கையால் தூக்கிவிடலாமா கூடாதா என்று அவர் கேட்டுக்கொண்டே இருப்பார். அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். எப்படித்தான் சொன்னாளோ.

தெரு முழுக்க தம்பட்டம் அடித்துவிட்டார். நாள் நெருங்க நெருங்க, சாயங்காலம் ஆனால் கூட்டம் சேர்ந்துவிடும். பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டீக்கடைக்காரர் பெஞ்சைத் தூக்கி வந்து வெளியே போட்டார். முட்டைக்காரர் எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லி, குஞ்சு போவதற்கு மணலில் வழி பெருக்கி வைத்தார். முதல் நாள் வரவில்லை. "நாளைக்கு" என்றார். மறுநாளும் வரவில்லை. "மண்ணு கொஞ்சம் குளிர்ச்சி. தாமதம் ஆகும்" என்றார். அந்த வாரம் முழுக்க வந்தவர்கள் அடுத்த வாரம் பாதியானார்கள். அப்புறம் யாரும் வரவில்லை. அவர் மட்டும் தினமும் வழியைப் பெருக்கினார்.

ஆயுசு பூராவும் முட்டை பொரிக்கிற இடத்தில் இருந்தவருக்கு, பொரிக்கிற நாள் தாண்டிவிட்டதென்றால் என்ன அர்த்தம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளி வைத்தார். "நாளைக்குத் தோண்டிப் பார்த்துடலாம்பா, நான் பார்த்துக்கறேன். நீங்க வர வேணாம்" என்றாள் மகள். மறுநாள் அவள் வேலைக்குப் போனதும், காலை வெயிலில், தானே போய்த் தோண்டினார்.

கம்பெனியில் பொரிக்காமல் போன முட்டைகளைச் சும்மா கொட்டமாட்டார்கள். ஒவ்வொன்றாக உடைத்துப் பார்ப்பார்கள். கண் எவ்வளவு பெரிசு, கால் முளைத்திருக்கிறதா, இறகு வந்திருக்கிறதா என்று பார்த்தால், உள்ளே இருந்தது எந்த நாளில் செத்தது என்று தெரிந்துவிடும். நாள் தெரிந்தால் தப்பு எங்கே நடந்தது என்று தெரியும். அன்றைக்கு மின்சாரம் போனதா, சூடு ஏறியதா, யார் காவல் இருந்தது என்று ஆளைப் பிடிப்பார்கள். அதில் இவரை அடிக்க ஆள் கிடையாது.

மணலில் உட்கார்ந்து முதல் முட்டையைக் கிழித்தார். குப்பென்று நாற்றம் அடித்தது. உள்ளே கொண்டைக்கடலை அளவுக்கு ஒன்று, கறுப்பாக இரண்டு கண். முதுகில் ஓடு வரவில்லை, துடுப்பு வரவில்லை. அடுத்ததைக் கிழித்தார். அதே அளவு. அதற்கடுத்தது. அதே அளவு. சூடு ஏறியிருந்தால் சிலது முன்னால் போகும், சிலது பின்னால் போகும். தண்ணீர் பட்டிருந்தால் அடியில் இருந்ததுதான் போகும். இதில் எல்லாம் ஒன்றாக, ஒரே வயசில், ஒரே நாளில் போயிருக்கின்றன. குளியலறை இருட்டில் அவர் பார்த்துச் சிரித்தாரே, சிவப்பு நூல், அதற்குமேல் ஒன்றுகூட வளரவில்லை. ஒன்றாவது கொஞ்சம் பெரிசாக இருக்காதா என்று அவர் கடைசி முட்டைவரைக்கும் கிழித்தார். ஒவ்வொரு ஓட்டிலும் அவர் கையால் போட்ட குறி இருந்தது.

மகள் எப்படியோ கேள்விப்பட்டு ஓடி வந்தபோது, அவர் அந்த ஓடுகளுக்கு நடுவில் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"திருப்பினா செத்துடுமா?" என்று கேட்டார்.

"ம்."

"கோழிக்குத் திருப்பலைன்னாதான் சாகும்."

"தெரியும்பா."

"நீ வந்த அன்னைக்கே உனக்குத் தெரியுமா?"

"ஒண்ணு ரெண்டாவது தப்பிச்சிருக்கும்னு நெனச்சேன். அப்புறம், நீங்க பாட்டு முனகிட்டு இருந்தீங்க. அம்மா போனதுக்கப்புறம் நான் அதைக் கேட்டதே இல்லை. சொல்ல வாய் வரலை." அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீங்க எடுக்கலைன்னாலும் அன்னைக்குக் கடல் கொண்டு போயிருக்கும்பா. எப்படியும் போயிருக்கும்."

"கொண்டு போயிருக்கட்டுமே" என்றார் அவர். "கடல் கொண்டு போயிருந்தா நான் கடலைத் திட்டிட்டு இருந்திருப்பேன்."

அவள் ஓடுகளை எல்லாம் அள்ளிக் குழிக்குள் போட்டு மூடினாள். அவர் கையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டாள். வீட்டுக்குப் போகிற வழியில் டீக்கடை. உள்ளே நாலைந்து பேர் இருந்தார்கள், எல்லாரும் ஆமை பார்க்க வந்து நின்றவர்கள்தான். முகத்தைப் பார்த்ததுமே அவர்களுக்குப் புரிந்துவிட்டது. டீக்கடைக்காரர் ஓடி வந்து பெஞ்சைத் துடைத்தார்.

"உட்காருங்கண்ணே. என்ன ஆச்சு, எல்லாம் போச்சா?"

"நான்தான் கொன்னேன்" என்றார் முட்டைக்காரர்.

"அட, விடுங்கண்ணே. சும்மா மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

"நான் திருப்பினேன். திருப்பக் கூடாதாம். அதனாலதான் செத்துச்சு."

கடையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "திருப்பாம எப்படிண்ணே முட்டை பொரிக்கும்?" என்றார் ஒருவர். "எங்க வீட்டுக் கோழியே மூக்கால திருப்பித் திருப்பித்தானே அடைகாக்குது." இன்னொருவர், கல்லைக் கொட்டிக் கடலையே கெடுத்துவிட்டார்கள், அப்புறம் முட்டை எங்கே உருப்படும் என்றார். டீக்கடைக்காரர் சூடாக ஒரு டீயைக் கொண்டுவந்து அவர் கையில் திணித்தார். "உங்களைவிட முட்டை தெரிஞ்ச ஆள் இந்த ஊர்ல யாரு? அலைக்குள்ள உட்கார்ந்து நீங்க எடுத்ததை நான் என் கண்ணால பார்த்தேன். உங்க கையாலயே ஆகலைன்னா அது யாராலயும் ஆகாதுண்ணே."

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். நீயாவது சொல்லு என்று கேட்கிற மாதிரி பார்த்தார். அவள் வாயைத் திறக்கப் போனாள். அப்பாவின் கையில் டீ சிந்தியிருப்பதைப் பார்த்தாள். குனிந்து, தன் முந்தானையால் அவர் கையைத் துடைத்துவிட்டு, "குடிங்கப்பா, ஆறிடும்" என்றாள்.

மூன்றாம் தரம் அவர் சொல்லவில்லை. அந்த வருஷத்துக்கு அப்புறம் அந்தக் கரைக்கு ஆமை எதுவும் வரவில்லை. தெருவில் எல்லாரும் அவரைக் கண்டால் இன்னும் எழுந்து இடம் விடுகிறார்கள், அந்த அலைக்கதையைப் புதுசாக வருகிறவர்களுக்குச் சொல்கிறார்கள். யாராவது ஒருவராவது தன்னை ஒரு வார்த்தை திட்டமாட்டாரா என்றுதான் அவர் தினமும் அந்தக் கடைக்குப் போய் உட்காருகிறார்.